"எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?": வடசென்னையில் முடி வளர்த்த ஆண்களும் அவர்களின் வேலையும்

"எந்தக் கோயிலுக்குப்பா வேண்டுதல்?"

ஏழு வருடமாக என் காதில் விழும் கேள்வி இது. பாரிமுனை டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள், ராயபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் கேட்டிருக்கிறார்கள், ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் வராந்தாவில் ஃபைலோடு நிற்கும்போதும் கேட்டிருக்கிறார்கள். "இல்லண்ணா, எனக்குப் புடிச்சிருக்கு, அதான் வளக்குறேன்" என்று சொன்னால் கேட்டவர் ஒரு கணம் என் முகத்தையே பார்ப்பார். அதில் கோபம் இருக்காது, கிண்டலும் இருக்காது. கொடுத்த காசுக்கும் வாங்கிய மீதிக்கும் கணக்கு உதைக்கும்போது வருமே, அந்தப் பார்வை.

நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்சியில், அதாவது சரக்குகளைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுக்கும் இடத்தில், வேலை பார்க்கிறேன். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. முடி இப்போது பாதி முதுகு வரை வந்திருக்கிறது. கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். வேலையில் நன்றாகவே இருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு ஏன் உதைக்கிறது என்று எனக்கு விளங்க ரொம்ப நாள் ஆனது.

எங்கள் அலுவலகத்திலேயே பதில் இருந்தது. கார்த்திகை பிறந்தால் எங்கள் சீனியர் ஒருவர் மாலை போட்டுவிடுவார். கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், ஒன்றரை மாதத் தாடி. அந்தக் கோலத்தில்தான் வாடிக்கையாளர்களான பார்ட்டிகளைப் பார்ப்பார், அதிகாரிகள் முன்னால் போய் நிற்பார். எங்கள் முதலாளி அந்த நாட்களில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், "சாமி" என்பார். அதே முதலாளிதான் என் முடி காதை மூடிய மாதத்தில் என்னை உள்ளே கூப்பிட்டு, "பார்ட்டிங்க வர்ற எடம் தம்பி, வெட்டிட்டு வந்துடு" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அவர் மனதில் இரண்டும் வேறு வேறு விஷயங்கள். பழனிக்கு முடி வளர்ப்பவன், திருத்தணிக்கு நேர்ந்துகொண்டவன், மனைவி மாசமாக இருப்பதால் வெட்டாமல் விட்டவன், கூத்தில் வேஷம் கட்டுபவன், நாகஸ்வரம் வாசிப்பவன் என்று எல்லாருக்கும் நம் ஊர் இடம் கொடுத்திருக்கிறது. அங்கெல்லாம் முடி வேறு யாருக்கோ சேர வேண்டியது. ஒருவன் தனக்காகவே வளர்க்கும்போதுதான் வேலை செய்யும் இடம் விளக்கம் கேட்கிறது. நீளம் என்றுமே பிரச்சினையாக இருந்ததில்லை. யாரைக் கேட்டு வளர்த்தாய் என்பதுதான் கேள்வி.

நீளமான முடி ஆணுக்குப் புதிது என்று சொல்கிறவர்களுக்குத் தமிழே பதில் வைத்திருக்கிறது. பெண்ணின் முடிக்குக் கூந்தல், ஓதி, அளகம் என்று சொற்கள் இருப்பதுபோல ஆணின் முடிக்கென்றே குஞ்சி, பித்தை, ஓரி, பங்கி என்று தனிச் சொற்கள் உண்டு. பாண்டிய மன்னன் ஒருவனின் பெயரே முதுகுடுமிப் பெருவழுதி.

அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். நான் தினமும் கடந்துபோகும் துறைமுகத்துக்கே வருவோம். 1912 மார்ச் 1 அன்று மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக ஓர் இளைஞர் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். தலையில் குடுமி. அந்தக் குடுமியோடுதான் அவர் பேரேடு எழுதினார், மிச்ச நேரத்தில் கணிதம் எழுதினார். அலுவலகத்தில் யாரும் அதை ஒரு விஷயமாகப் பார்த்திருக்கமாட்டார்கள், ஏனென்றால் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் குடுமி இருந்திருக்கும். இரண்டு வருடம் கழித்து, 1914 மார்ச்சில், கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறுவதற்கு முன்னால்தான் சீனிவாச ராமானுஜனின் குடுமி வெட்டப்பட்டது. மெட்ராஸ் ஆபீசுக்குத் தொந்தரவாக இல்லாத முடி இங்கிலாந்துக்கு ஆகவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும்.

அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக்குள் எல்லாம் தலைகீழானது. 'கிராப்பு' என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ராணுவம், போலீஸ், மிஷன் பள்ளிக்கூடம், வெள்ளைக்காரன் ஆபீஸ் என்று கிராப்பு ஒவ்வொரு வாசலாக நுழைந்தது. முதலில் கிராப்பு வெட்டிக்கொண்ட பிள்ளைகளை வீட்டில் திட்டினார்கள். பிறகு வெட்டாதவனைத் திட்டினார்கள்.

இதை வெறும் அடிமைப் புத்தி என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. குடுமிக்கு சாதி இருந்தது. உச்சிக்குடுமியா, முன்குடுமியா, பின்னால் முடிந்த கட்டுக்குடுமியா என்று தலையைப் பார்த்தே ஆளை எடை போட முடிந்தது. கிராப்பு அந்த அடையாளத்தை அழித்தது. பெரம்பூர் பின்னி மில்லிலும் துறைமுகத்திலும் ரயில்வே பட்டறையிலும் வேலைக்குச் சேர்ந்த வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒட்ட வெட்டிய தலையும் இஸ்திரி போட்ட சட்டையும் மானப் பிரச்சினை. 'நாங்களும் யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல' என்று வாயால் சொல்லாமல் சொல்லும் வழி அது. என் நைனா துறைமுகத்தில் கூலியாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூன் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். என் முடியைப் பார்த்து அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நம்மள ஏற்கெனவே ஒரு மாதிரிதான் பாக்குறானுங்க. நீ வேற அவனுக்குக் காரணம் எடுத்துக் குடுக்காத." அதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை.

முடி வளர்த்த ஆண் தன் வேலையின் உச்சத்தில் நின்றதையும் இதே வடசென்னை பார்த்திருக்கிறது. சினிமாவில் பாடி நடித்த எம்.கே.தியாகராஜ பாகவதரின் முடி பிடரியைத் தாண்டிப் புரளும். 'பாகவதர் கிராப்பு' என்று பெயர் வைத்து ஊரே அதை வளர்த்தது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. பாரிமுனைக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்த கதை இது. அந்தக் காலத்தில் முடி வளர்த்தவனைப் பார்த்து ரவுடி என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், பாடுவானோ என்றுதான் கேட்டிருப்பார்கள்.

ரவுடி என்ற பார்வை பின்னால் வந்தது. அதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. வடசென்னை என்றால் கத்தி, கத்தி எடுப்பவன் என்றால் எண்ணெய் காணாத நீள முடி என்று எத்தனை படத்தில் அடியாட்களுக்கு ஒரே தலையை வைத்திருக்கிறார்கள்! இப்போது பையன்களுக்கு 'புள்ளிங்கோ' என்று பெயர். பக்கவாட்டில் ஒட்ட வழித்து மேலே நீளமாக விட்டுக் கலர் அடித்தால் அது புள்ளிங்கோ கட்டிங். அதே கட்டிங்கோடு பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு டிசைன் கம்பெனிக்குள் போகிறவனை 'கிரியேட்டிவான ஆளு' என்கிறார்கள். வியாசர்பாடி கணேசபுரத்தில் நிற்கிறவனை ராத்திரி பத்து மணிக்கு வண்டியை ஓரம் கட்டச் சொல்கிறார்கள். பயோடேட்டாவில் 600039 என்ற வியாசர்பாடிப் பின்கோடு இருந்தாலே தயங்கும் இடங்கள் உண்டு. அதோடு முடியும் சேர்ந்தால் பாரம் இரட்டிப்பு. முடி வளர்க்கும் ஆண்களைப் பற்றிப் பொதுவாக எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நைனா சொன்னதும் இதைத்தான்.

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. 1970-களில் சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில் 'நீள முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை' என்று போஸ்டரே ஒட்டியிருந்தார்கள். நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டாலோ, காதை மூடினாலோ, சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினாலோ அது நீள முடி என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். அமெரிக்காவில் 1975-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், முடி நீளம் என்பதற்காக ஓர் ஆணுக்கு வேலை தர மறுத்தது ஆண்-பெண் பாகுபாடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. வேலை மறுத்தது ஒரு செய்தித்தாள் நிறுவனம்.

நம் நாட்டில் தனியார் கம்பெனி ஊழியரின் முடியைப் பற்றி நேரடியாகப் பேசும் தனிச் சட்டம் கிடையாது. கம்பெனி விதி என்ன சொல்கிறதோ அதுதான். சீருடைப் பணியில் நீதிமன்றங்கள் ஒழுங்கின் பக்கமே நிற்கின்றன. 2016 டிசம்பரில் விமானப்படை வீரர் ஒருவரின் தாடி வழக்கில் உச்ச நீதிமன்றம் விமானப்படையின் பக்கம்தான் தீர்ப்பளித்தது. ஆனால் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பு ஒன்று இருக்கிறது. திருநர்கள் உரிமை வழக்கில் வந்தது. ஒருவர் தன் தோற்றத்தையும் உடையையும் தேர்ந்துகொள்வது அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முடி வளர்த்த ஆணைப் பார்த்துத் தெருவில் விழும் வசவுகளில் பாதி திருநங்கைகளைக் கேவலப்படுத்தும் வசவுகள்தான். அவர்கள் பட்ட அடியிலிருந்தும் போராட்டத்திலிருந்தும் வந்த தீர்ப்பு நமக்கும் நிழல் தருகிறது. அந்தக் கடனை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

முடிக்குக் கட்டுப்பாடு உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர், மணலி வரை பட்டறை பட்டறையாக இருக்கும் பகுதி எங்களுடையது. லேத் என்ற கடைசல் இயந்திரம் ஓடும் இடத்தில் முடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒரு கணக்குப் போடுவோம். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தண்டு நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு 10 சுற்று. ஒரு சுற்றுக்கு முப்பத்தோரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக நொடிக்கு மூன்று மீட்டருக்கு மேல் இழுக்கும். அரை மீட்டர் முடியின் நுனி அதில் மாட்டினால் நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரத்தில் தலை தண்டை முட்டும். கை சுவிட்சுக்குப் போகவே அதைவிட நேரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் போடவோ போகிறவர் உடம்போடு ஒட்டிய உடைதான் போட வேண்டும், அதையும் முதலாளியே தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு எழுதி வைத்ததற்குக் காரணம் இதுதான்.

திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் டர்னராக இருக்கும் அண்ணன் ஒருவர் இருபது வருடமாக முடி வளர்க்கிறார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவர் செய்யும் முதல் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முடியை மொத்தமாக முன்னால் தள்ளிக் குனிந்து, கையால் முறுக்கி, உச்சிக்குக் கீழே கொண்டையாகச் சுற்றி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டு, அதன்மேல் ஒரு காட்டன் துணியைக் கட்டி, முனையை உள்ளே செருகுவார். துணியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிறகு இரண்டு கையாலும் தலையைச் சுற்றித் தடவிப் பார்ப்பார். ஒரு முடிகூட விரலில் தட்டக் கூடாது. அதன் பிறகுதான் மெஷின் ஆன். "முடி இருக்கறது பிரச்சன இல்ல, தொங்கறதுதான் பிரச்சன. சட்டக் கை தொங்கினாலும் அதேதான், கழுத்துல செயின் தொங்கினாலும் அதேதான்" என்றார். அவருடைய பட்டறையில் லேத் பக்கம் கையுறையும் கிடையாது, கழுத்தில் ஐடி கார்டு கயிறும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே விதி. முதலாளியும் வெளியாளும் அவரை மதிக்கிறார்கள் என்றால் அவர் கையில் த்ரெட், அதாவது திருகு மரை, எப்படி வரும் என்று எல்லாருக்கும் தெரிந்ததால்தான்.

சமையல்கூடத்திலும் மருத்துவமனையிலும் இதே நியாயம்தான்: தலைக்கு உறை போடு என்பதோடு விதி நிற்கிறது. 'கட்டிக்கொண்டு வா' என்பதற்கும் 'வெட்டிக்கொண்டு வா' என்பதற்கும் இருக்கும் தூரம் பெரிது. காரணம் உள்ள விதி கட்டச் சொல்வதோடு முடிந்துவிடும். வெட்டச் சொல்லும் விதிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பார்வைதான் இருக்கும்.

வளர்க்க நினைக்கும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது இடைப்பட்ட காலத்தைப் பற்றி. முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளரும். கிராப்பிலிருந்து தொடங்கினால் கட்டுகிற நீளம் வர ஒரு வருடம் ஆகிவிடும். ஆறாவது மாதத்திலிருந்து பத்தாவது மாதம் வரைதான் சோதனை. காதை மூடும், கழுத்தைக் குத்தும், கட்டப் போனால் கையில் நிற்காது. ஹெல்மெட்டைக் கழற்றினால் ஒரு பக்கம் படிந்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். நம் பகுதி உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போய் இறங்கினால் தலை தேங்காய் நார்தான். வேலை இடத்தில் எதிர்ப்பு வருவதும் இந்த மாதங்களில்தான். முதலாளி கண்ணில் படுவது நீள முடியில்லை, வெட்ட மறந்த முடி. பாதிப் பேர் இங்கே சலூனுக்குப் போய்விடுகிறார்கள். நான் தப்பியது 2020 ஊரடங்கினால். மார்ச் 25-லிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் சென்னையில் சலூனே கிடையாது. அலுவலகம் திறந்தபோது எல்லார் தலையும் என் தலைபோல இருந்தது. மற்றவர்கள் வெட்டிக்கொண்டார்கள். என்னுடையது கட்டும் நீளத்துக்கு வந்திருந்தது.

அதன் பிறகு முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மனம் மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் தினமும் எண்ணெய் வைத்து வாரி இறுக்கிக் கட்டிய தலையைப் பார்த்துப் பார்த்து அவர் கண்ணுக்குப் பழகிவிட்டது. அந்த வருடம் சரக்கு தேங்கி, தாமதக் கட்டணமான டெமரேஜ் ஏறிக்கொண்டிருந்த நாட்களில் மணலி யார்டில் ராத்திரியெல்லாம் நின்று கன்டெய்னர்களை வெளியே எடுத்தவர்களில் நானும் ஒருவன். பார்ட்டிகள் போன் செய்தால் "அந்த முடிக்காரத் தம்பிகிட்ட குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியே உதவியது. எங்கள் தொழிலில் முகம் ஞாபகத்தில் நிற்பதற்கு விலை உண்டு.

பிரபலங்களும் வழியை அகலமாக்கிக் கொடுத்தார்கள். ராக்கெட்டும் ஏவுகணையும் செய்த அப்துல் கலாம் அந்த நீண்ட நரைமுடியோடுதான் 2002 முதல் 2007 வரை ராஷ்டிரபதி பவனில் இருந்தார். அவரைப் பார்த்து யாரும் ஒழுங்கில்லாதவர் என்று சொன்னதில்லை. 2006-ல் லாகூரில் தோனியிடம் முடியை வெட்டாதே என்று சொன்னது பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப். அதே தோனி 2024 ஐபிஎல்லில், 42 வயதில், மறுபடியும் முடி வளர்த்துச் சேப்பாக்கத்தில் இறங்கினார். அந்தக் கோடையில் "வேண்டுதலா?" என்று கேட்பது நின்று "தோனி கட்டா தல?" என்று கேட்டார்கள். எனக்கு அதுவும் இதுவும் ஒன்றுதான். இன்னும் யாரோ ஒருவர் பெயரில்தான் என் முடிக்கு அனுமதி கிடைக்கிறது. கேன்சர் நோயாளிகளுக்கு விக் செய்யக் கொடுப்பதற்காக வளர்க்கிறேன் என்றால் இன்னும் சுலபமாக ஏற்றுக்கொள்கிறார்கள். அது நல்ல காரியம், செய்கிறவர்களை வணங்குகிறேன். ஆனால் நல்ல காரியம் செய்தால்தான் ஓர் ஆள் தன் முடியோடு நிம்மதியாக இருக்கலாம் என்றால் அது நியாயமில்லை.

எங்கள் தொழிலில் கஸ்டம்ஸ் தரும் எச் கார்டு, ஜி கார்டு என்று அடையாள அட்டைகள் உண்டு. ஜி கார்டுக்குப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். என் எச் கார்டு போட்டோவில் கிராப்பு. போன வருடம் ஜி கார்டு கிடைத்தது, அதன் போட்டோவில் கொண்டை. அட்டை கைக்கு வந்த அன்று அதை நைனாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "போட்டோல தெளிவாத்தான் கீற" என்றார்.

இந்த மாதம் அலுவலகத்தில் வியாசர்பாடிப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். காது மூடும் நீளம், அந்த இடைப்பட்ட காலம். முதல் நாளே முதலாளி அவனை உள்ளே கூப்பிட்டதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வெளியே வந்தவன் நேராக என் மேசைக்கு வந்தான்.

"அண்ணா, யார்டுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ரப்பர் பேண்டு வாங்கிக்கச் சொன்னாரு."

டிராயரிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்தேன். பின்னால் கட்டினால் அவனுக்கு இன்னும் நிற்காது. மேல் பாதியை மட்டும் சேர்த்து எப்படிக் கட்டுவது என்று காட்டினேன். ஜன்னல் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டான், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மணலிக்குக் கிளம்பினான்.